பாட்டுக்கு விட்ட இடம்

உம்மாவுக்கு வாப்பாவின் குரல் மறந்துபோய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துபாய் குசைஸ் வீட்டு அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, உப்பு தீர்ந்துவிட்டது என்பதைப் போல இதைச் சொன்னாள்.

“முகம் வருது. நடை வருது. கோவம் வந்தா மூக்கைத் தடவுவாங்களே, அதுகூட வருது. குரலு மட்டும் வரமாட்டேங்குது. உனக்கு வருதா?”

வருது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். வாப்பா சொன்ன வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. ஆனால் எல்லாவற்றையும் நானே சொல்வதுபோல என் குரலில்தான் கேட்டன. வாப்பா கண்மூடி மவுத்தாகும்போது எங்கள் வீட்டில் இருந்த போன் பேசுவதற்கு மட்டும்தான் ஆகும். தம்பியின் கல்யாண வீடியோவில் வாப்பா வருகிறார், யாரையோ பார்த்து வாயசைக்கிறார். வீடியோக்காரர் புண்ணியத்தில் முதலிலிருந்து கடைசிவரை மேலே பாட்டுதான் ஓடுகிறது.

நான் இதே குசைஸில் ஒரு கிளினிக்கின் இன்சூரன்ஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். வலியோடு வருகிறவர்களிடம் “இன்னும் அப்ரூவல் வரலை” என்று சொல்வதுதான் வேலை. காலை முதல் மாலை வரை அதையே தமிழில், இந்தியில், உடைந்த அரபியில் சொல்லிவிட்டு வீடு திரும்பினால் வாயைத் திறக்கவே பிடிக்காது. என் வீட்டுக்காரர் ஜெபல் அலியில் வேலை முடிந்து வரும்போது உம்மா தூங்கியிருப்பாள். பகல் முழுக்க ஐந்தாவது மாடியில் ஏசியின் இரைச்சலுக்கும் டிவிக்கும் நடுவில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறவள், எந்தக் குரலைத்தான் நினைவில் வைத்திருக்க முடியும்?

அந்த வாரம் தம்பி போன் செய்தான். ஊரில் வீட்டை இடித்துக் கட்டுகிறான். வாப்பா சவூதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கொண்டுவந்த பெட்டி பரணில் கிடந்ததாம். வேட்டி, ஒரு கம்பளி, அடியில் கொஞ்சம் கேசட்டுகள்.

உம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். “குப்பையில போட்டுராத. அதுலதான் உங்க வாப்பா இருக்காங்க.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் சபர் என்று வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆண்கள் கடிதத்தோடு நிற்கமாட்டார்கள். கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அப்புறம் அதே கேசட்டின் மேலேயே பதில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். புதுக் கேசட்டை யார் வாங்குவது? அவர் பேசியதை இவள் அழிப்பாள், இவள் பேசியதை அவர் அழிப்பார். வருடக்கணக்காக இப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

வாப்பாவின் கேசட்டுகளுக்கு இன்னொரு கதை உண்டு. தம்மாமில் அவர் ஸ்டோர் கீப்பராக இருந்த இடத்தில் ஓர் அமெரிக்க எஞ்சினியர் நாட்டுக்குத் திரும்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் ஒரே ஆள் இசையமைத்த பாட்டுகள். பழைய காலத்து அமெரிக்க மேடை நாடகங்களுக்காகச் செய்த பாட்டுகளாம். ஆண், பெண், வெறும் வாத்தியம் என்று வெவ்வேறு பேர் வெவ்வேறு காலத்தில் பதிந்தவை. கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பொத்தல்களைப் பிளாஸ்டர் ஒட்டி அடைத்துவிட்டால் எதன் மேலும் பதியலாம். வாப்பா அதைத்தான் செய்தார். அவர் பேசி முடித்ததும் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு வெள்ளைக்காரப் பாட்டு ஆரம்பிக்கும். உம்மா எட்டி நிறுத்திவிடுவாள்.

வாப்பா எவ்வளவு பேசுவார் என்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது. சில கேசட்டில் ஊர் நியாயமெல்லாம் பேசுவார். சிலதில் சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, என்னை நன்றாகப் படிக்கச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு வந்துவிடும். அப்படி வந்தால் வீட்டில் இரண்டு மூன்று நாளைக்குச் சோறு குழைந்துதான் இருக்கும். “உங்க வாப்பாக்கு எங்கிட்ட பேச என்ன இருக்கு” என்று உம்மா எங்களிடம் எரிந்து விழுவாள். வாப்பாவுக்கு எங்கள் மேல் அவ்வளவுதான் ஒட்டுதல் என்று நானும் நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். அவர் திரும்பி வந்து எங்களோடு இருந்த வருடங்களிலும் அதிகம் பேசியவர் இல்லை. அதனால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை.

துபாய்க்கு வருகிற ஒருவர் கையில் தம்பி கேசட்டுகளைக் கொடுத்து அனுப்பினான். அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. உம்மா பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்தாள். மறுநாள் பார்த்தால் கேசட்டுகள் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருந்தன.

“வெயில்ல உருகிரும்.”

“வீட்டுக்குள்ள ஏது உம்மா வெயிலு?”

“கரண்டு போயிட்டா?”

துபாயில் கரண்ட் போவதில்லை என்று வாதாடுகிற தெம்பு எனக்கு இல்லை. எடுத்து அலமாரியில் வைத்தேன்.

கேசட் இருக்கிறது, போட்டுக் கேட்க எதுவும் இல்லை. அப்போதுதான் கிளினிக்குக்கு மாதாமாதம் வரும் கோவாக்காரர் நினைவுக்கு வந்தார். தேய்ராவில் ஒரு ஹோட்டல் லாபியில் பியானோ வாசிக்கிறவர். விரல் மூட்டுகளில் வலி. அவருக்கு அப்ரூவல் ஒருமுறைகூட ஒழுங்காக வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் என்னோடு சண்டை போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டே காத்திருப்பார். அடுத்த தடவை வந்தபோது கேட்டேன். யாருடைய பாட்டுகள் என்று அட்டையில் மங்கிக் கிடந்ததைப் போனில் படம் பிடித்துக் காட்டினேன். மனுஷர் வலியையே மறந்துவிட்டார்.

“அரே, இந்த ஆளுடைய ரெக்கார்டிங்தான் என் வீட்டில் அலமாரி முழுக்க. எடுத்துக்கொண்டு வா, மகளே,” என்றார் இந்தியில்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார். சுவரோரமெல்லாம் இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் சிடிகளும். ஒரே பாட்டை எட்டுப் பத்துப் பேர் பாடியிருந்தால் எல்லாமே அவரிடம் இருக்கும் போலிருந்தது. எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

“நான் வாசிக்கும்போது யாரும் கேட்பதில்லை. காப்பி குடிக்கிறார்கள், போன் பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்து, இதை இவன் எப்படி வாசித்தான், அவள் எப்படிப் பாடினாள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்,” என்றார். அடுத்த மாதத்திலிருந்து அவருக்குப் பதில் ஸ்பீக்கர் வைக்கப்போகிறார்களாம். அதையும் அதே குரலில் சொல்லிவிட்டு, முதல் கேசட்டின் திருகுகளைக் கழற்றி ஏதோ சரிசெய்து, டெக்கில் போட்டார். டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போனது.

இரைச்சல் வந்தது. பிறகு ஒரு பெண் குரல்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க அனுப்புன டேப்பு கெடைச்சுது. கொண்டுவந்தவரு வாசல்லயே நின்னு குடுத்துட்டுப் போயிட்டாரு, ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கல...”

உம்மா. என்னைவிட இளைய உம்மா.

அடுத்ததைப் போடச் சொன்னேன். அதிலும் அவள்தான். அதற்கடுத்ததிலும். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இவை வாப்பாவின் பெட்டியில் கிடந்தவை. வாப்பாவிடம் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவை. அவற்றில் இருப்பது உம்மாவின் பதிலாகத்தானே இருக்க முடியும்? வாப்பா கடைசியாகப் பேசிய கேசட்டுகள் எங்கள் வீட்டில் இருந்தன. அவர் ஒரேயடியாக வந்துவிட்ட பிறகு அவற்றின் மேல் உம்மா பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்த நோன்பு மாதத்துப் பயான் சொற்பொழிவுகளைப் பிடித்துவைத்தாள். ஆள்தான் வீட்டிலேயே இருக்கிறாரே, குரல் எதற்கு? இத்தனை வருடம் நானும் தம்பியும் உம்மாவும் “வாப்பா கேசட்டு, வாப்பா கேசட்டு” என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருத்தருக்கும் இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது. கல்யாண வீடியோக்காரரில் ஆரம்பித்து உம்மா வரை எல்லோர் மேலும் வந்தது. இதை வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டிலும் நான்தானா “வரலை” என்று சொல்ல வேண்டும்?

கோவாக்காரர் நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார். இளைய உம்மா மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அடுக்களை ஓடு ஒழுகுகிறது. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பெரியவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறாள். பெரியவள் நான்தான். அப்புறம் குரல் கொஞ்சம் தணிந்தது.

“இந்தத் தடவை ரொம்பக் கொஞ்சமாப் பேசியிருக்கியளே. உங்க பாட்டு சுருக்கா வந்துருச்சு. பாட்டுக்கு எடம் விடுறிய, எனக்கு விடமாட்டேங்கிறிய. சரி, எண்ணு கிட்ட வந்துருச்சு, நானும் நிப்பாட்டிக்கிறேன். பாட்டை அழிச்சுட்டா மனசு கஷ்டப்படுவிய. சொல்ல இன்னும் எவ்வளவோ கெடக்கு. வைக்கிறேன்.”

டக். இரைச்சல். பிறகு ஓர் ஆணின் பாட்டு, முதல் சுரத்திலிருந்து, ஒரு சேதமும் இல்லாமல்.

கோவாக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு போட்ட கேசட்டை மறுபடி எடுத்து, உம்மா பேசி முடிக்கிற இடம்வரை ஓட்டினார். டக். அதே பாட்டு, ஒரு பெண் பாடினாள். இன்னொன்றில் வெறும் வயலினும் பியானோவும். அதுவும் அதே பாட்டு. கேசட்டுக்குக் கேசட்டு பாட்டு வெவ்வேறு இடத்தில் இருந்தது, ஒன்றில் பாதிக்கு மேல், ஒன்றில் ஆரம்பத்திலேயே. எல்லாவற்றிலும் அதற்கு முன்னால் இருந்த பாட்டுகள் அழிந்திருந்தன. இது மட்டும் முழுசாக இருந்தது.

“நீ சொன்ன அட்டைப்பெட்டியிலிருந்து இந்தப் பாட்டு இருக்கிற கேசட்டாகப் பார்த்து எடுத்திருக்கிறார். பாட்டு வருவதற்குள் பேசி முடித்திருக்கிறார். உன் அப்பா பாடகரா?”

“ஸ்டோர் கீப்பர்,” என்றேன்.

எங்கள் வீட்டு டேப்ரிகார்டரில் கேசட் மூடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் சக்கரம் இருந்தது. நாடா ஓட ஓட எண் ஏறும். உம்மா பதில் பேசும்போது எங்கள் யாரையும் பார்க்கமாட்டாள், அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்பதற்காக என்று நினைத்திருந்தேன். பாட்டு எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அதற்குள் பேசி முடிக்கப் பார்த்திருக்கிறாள். தம்மாமில் அவரும் அதைத்தான் செய்திருப்பார். குழைந்த சோற்றுக்கும் என் ஒட்டாத வாப்பாவுக்கும் காரணம், அந்தந்தக் கேசட்டில் அந்தப் பாட்டு எங்கே இருந்தது என்பதுதான்.

பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“நாடகத்தில் ஒருத்தன் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். அவள் வாசல்வரை வருகிறாள். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் மிச்சமில்லை, அதனால் பாடுகிறார்கள். அவ்வளவுதான். இந்த ஆள் செய்ததில் இதைவிட நல்ல பாட்டெல்லாம் இருக்கிறது,” என்று சொல்லிவிட்டு, விரல்களைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் என் போனில் ஏற்றிக் கொடுத்தார். அடுத்த மாத அப்ரூவலையாவது ஒழுங்காக வாங்கித் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது உம்மா குளித்து, நல்ல சேலை உடுத்தி, சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே கிளம்புகிறவள்போல முக்காட்டைச் சரிசெய்திருந்தாள். அதைப் பார்த்ததும், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்துப் போட்டுவிட்டேன்.

தன் குரலைக் கொஞ்ச நேரம் முகம் சுளித்துக் கேட்டாள். “யாரு இவ, இந்தக் கத்து கத்துறா?”

“நீங்கதான் உம்மா.”

“நானா?” இன்னும் கொஞ்சம் கேட்டாள். “அவங்க எங்க?”

சொன்னேன். யார் பேச்சின் மேல் யார் பேச்சு பதிந்தது என்று, முடிந்தவரை மெதுவாக. அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“அப்ப நான்தான் அழிச்சிரிக்கேன்.”

“ரெண்டு பேருந்தான் உம்மா.”

“அவங்க குரலு இனி இல்ல.”

“இல்ல உம்மா.”

போன் ஓடிக்கொண்டே இருந்தது. டக் என்றது. பாட்டு ஆரம்பித்தது. உம்மாவின் தலை நிமிர்ந்தது. நிறுத்தப் பார்த்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை ஏன் உம்மா அழிக்காம வச்சிய?”

“அவங்க சொல்லியிருந்தாங்க. லீவுல வந்தப்போ. ‘நான் பேசி முடிச்ச ஒடனே டேப்பை மூடிட்டு நீ அடுப்படிக்குப் போயிருவே. பாட்டு ஓடட்டும், அது முடியிற மட்டும் ஒக்காந்திரு. இதே பாட்டு எங்கிட்டயும் ஒரு டேப்புல இரிக்கி, வேற ஆளு பாடுனது. ரூம்ல நான் அதைப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்.’ அப்படின்னாங்க.”

“நீங்க ஒக்காந்தியளா?”

“எங்க? டேப்புல பேட்டரி செல்லு தீந்துரும்னு நிப்பாட்டிருவேன். அப்ப கோவம் வேற. பேச்சைக் கொறைச்சுக்கிட்டு எவனோ பாடுறதைக் கேக்கச் சொல்றாகளேன்னு. அழிக்கவும் மனசு வரல.”

தம்மாமில் ஆறு பேர் படுக்கிற அறையில், நாங்கள் எப்போது கேட்போம் என்று தெரியாமல், தினமும் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்திருக்கிறார். இந்தப் பக்கம் ஒருநாளும் யாரும் உட்காரவில்லை. அலுப்பு தாங்க முடியாமல் சோபாவில் சாய்ந்தேன். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, படுத்துத் தூங்கலாம் என்றுதான் இருந்தது.

உம்மா என் முழங்கையை இடித்தாள். “பாட்டு வந்துருச்சுன்னா அவங்க பேசி முடிச்சுட்டாங்கன்னு அர்த்தம். நிப்பாட்டு. இனி நான்ல பேசணும்.”

புரியாமல் பார்த்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனைக் கண்ணால் காட்டினாள். ரெக்கார்டரைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தி, அவள் முன்னால் பிடித்தேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கியளா? நான் மவ வீட்டுலதான் இருக்கேன், குசைஸ்ல. அஞ்சாவது மாடி. லிஃப்டு இரிக்கி. இவளுக்கு வேலை ஜாஸ்தி, வந்தா படுத்துக்கிறா, அதுனால நான் யாருகிட்டயும் பேசுறதில்ல. சின்னவன் வீட்டை இடிச்சுட்டான். ஒழுகுன ஓடெல்லாம் போச்சு. மீனு இங்க ருசியில்ல. உங்க குரலு மறந்துபோச்சு, அதுக்குக் கோவிச்சுக்காதிய...”

அவள் என்னைப் பார்க்கவில்லை. போன் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்களையே பார்த்துக்கொண்டு பேசினாள். அப்படியே பேசட்டும் என்றிருந்தது எனக்கு. என்னைப் பற்றியும் இன்னும் கொஞ்சம் திட்டட்டும். திடீரென்று கையை உயர்த்தினாள்.

“போதும். எண்ணு வந்துருச்சு. நிப்பாட்டு.”

“இது போன் உம்மா. எவ்வளவு நேரம் வேணா பேசலாம். ஒண்ணும் அழியாது.”

“உனக்குத் தெரியாது. பாட்டு அழிஞ்சிரும்.”

நிறுத்தினேன். பாட்டைப் போடச் சொன்னாள். போட்டேன். அது முடியும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.